மடைப்பள்ளியிலிருந்து வந்தவர்

சென்னையிலிருந்து வந்த படிவத்தில் ஒன்பதாவது கட்டம்தான் ஆராவமுதனை உட்காரவிடவில்லை. சங்கத்து ஊழியர்கள் என்ன படித்திருக்கிறார்கள், இதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தார்கள், அந்த அனுபவம் இந்த வேலைக்கு எப்படி உதவுகிறது என்று அதில் கேட்டிருந்தது. சங்கத்தை நடத்துகிற கிருபாநிதி சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை உரக்கப் படித்தார். முப்பத்தோரு வருஷம் ரசாயனம் நடத்திய குரல், கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். அந்த அறையில் பெஞ்சே கிடையாது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு மூலையில் ரப்பர் குழாய்ச் சுருள்கள், இன்னொரு மூலையில் இரண்டு இரும்பு அடுப்புகள்.

கிரேட் காட்டன் ரோட்டில் உப்பு வியாபாரி ஒருவர் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு மாடியில் இருந்தது சாண எரிவாயு விளக்கச் சங்கம். மண்ணெண்ணெய் விலை ஏறிய மறுவருஷம் ஆரம்பித்தது. கிராமங்களில் மாட்டுத்தொழுவம் உள்ள வீடுகளைப் பிடித்து, சாணத்தைத் தொட்டியில் கரைத்து ஊற்றினால் புகையில்லாமல் அடுப்பு எரியும் என்று சொல்லி, சொன்னதைக் காட்டி, குழி தோண்டவைப்பது சங்கத்தின் வேலை. இது 1977 ஆனி மாதம். இரண்டு வருஷத்தில் பதினோரு குழிகள் தோண்டியாகிவிட்டது. மானியம் கிடைத்தால் மூன்று பேருக்கு முறையான சம்பளம் வரும். அதற்குத்தான் படிவம்.

"வெள்ளத்துரை, நீரு என்னவே படிச்சீரு?" என்றார் சார்.

வெள்ளத்துரை கொத்தனார். ஏரல் பக்கத்துக்காரர். கிணறு தோண்டி, உறை இறக்கிப் பழகிய கை. கயிறு பிடிக்காமலே வட்டம் போடுவார்.

"அஞ்சாம் வாப்பு. அதுல ரெண்டு வருசம்."

"ஒரே வாப்புல ரெண்டு வருசமா?"

"வாத்தியாருக்கு என்னைய விட மனசு இல்ல."

செல்வதுரை சிரித்தான். அவன் வெல்டர். கப்பல் பழுதுபார்க்கிற ஒரு காண்டிராக்டரிடம் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். "எனக்கு வெல்டர்னு மட்டும் போடுங்க சார். ஏன் வெளிய வந்தேன்னு கேட்டிருக்கானா?"

"கேக்கல."

"கேக்காதத நாமளாச் சொல்ல வேண்டாம்."

அவன் பற்றவைத்த நீராவிக் குழாய் ஒன்றில் மூட்டு கசிந்து, பக்கத்தில் நின்றவன் கை வெந்துபோனது என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அன்றே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூட்டு அவனுடையதுதானா என்று யாரும் விசாரிக்கவில்லை.

"ஐயங்காருக்கு என்ன எழுத?" என்று சார் பேனாவை நிறுத்தினார்.

"புளியோதரையில முதல் வகுப்புன்னு போடுங்க" என்றான் செல்வதுரை.

எல்லாரும் சிரித்தார்கள். ஆராவமுதனும் சிரித்தார். ஆனால் பேனா கட்டத்துக்குள் இறங்கவில்லை.

"மறைக்க விரும்பல, ஐயங்காரே" என்றார் சார். "அடுப்பை மூட்டிச் செயல்விளக்கம் காட்டுறவருக்கு டெக்னிக்கல் படிப்பு வேணும்னு எழுதியிருக்கான். மந்திரமூர்த்தின்னு ஒருத்தரு, டிப்ளமா முடிச்சவரு, மனுப் போட்டிருக்காரு. நான் உமக்காகத்தான் பேசுனேன். அடுத்த வாரம் தாண்டி வார புதன்கிழமை அதிகாரி ஆத்தூருக்கே வாராரு. பிச்சம்மா வீட்டுல நீரு அடுப்பு பத்த வைக்கதப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாராம்."

ஆராவமுதன் தலையை ஆட்டினார். ஜன்னலுக்குப் போனார். தெருவில் உப்பு லாரி ஒன்று தார்ப்பாய் படபடக்கப் போயிற்று. நாற்காலிக்குத் திரும்பி வந்தார். மறுபடியும் ஜன்னலுக்குப் போனார்.

தாமிரபரணிக் கரையில் ஒரு பெருமாள் கோவில் மடைப்பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் தளிகை, அதாவது பெருமாளுக்குச் சமையல், செய்தவர் அவர். அப்பாவுக்குப் பிறகு அந்த முறை அவருக்கு வந்தது. வருஷத்தில் பங்குனியும் சித்திரையும் அவர் குடும்பத்து முறை. மற்ற மாதங்களில் முறைக்காரர்களுக்கு உதவி. ஈரச் சவுக்குக் கட்டையும் பனைமட்டையும் எரிந்த புகையில் கண் இரண்டும் சிவந்து, பார்வை மங்க ஆரம்பித்தபோது, புகைப் பக்கமே போகக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சித்தப்பா மகன் சுதர்சனம், "கண்ணு தேறற வரைக்கும் உங்க முறைய நான் பாத்துக்கறேன் அண்ணா" என்றான். மூன்று வருஷமாகப் பார்த்துக்கொள்கிறான்.

கண்ணுக்குக் காட்ட தூத்துக்குடிக்கு வந்தவர்தான். வந்த இடத்தில் புகையில்லாத அடுப்பு என்று ஒரு தட்டியில் எழுதியிருந்ததைப் பார்த்து மாடிப்படி ஏறினார். அதுவரை சார் பேச ஆரம்பித்து, கார்பன் ஹைட்ரஜன் என்று சுவரில் சாக்பீஸால் எழுதி முடிப்பதற்குள் கூட்டத்தில் பாதிப் பெண்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்கள். ஆராவமுதன் வந்தபின் யாரும் போகவில்லை. கோவில் சாமி, கோவில் பக்குவத்தில், சாண வாயுவில் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறார் என்றால் பக்கத்து ஊரிலிருந்தும் வந்தார்கள். சாணி அடுப்புச் சோறு தீட்டா இல்லையா என்று யாரும் கேட்கவே இல்லை. அவரே நின்று சமைக்கிறாரே.

அம்புஜவல்லி மட்டும் இதைச் சொந்தக்காரர்களிடம் இப்படிச் சொல்லவில்லை. "கேஸ் ஆபீஸ்ல உத்தியோகம்" என்று சொல்லி வைத்திருந்தாள். கேஸும் உண்டு, ஆபீஸும் உண்டு, இரண்டும் பொய்யில்லை என்பது அவள் கணக்கு.

படிவம் வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை, ஒத்திகை மாதிரி இருக்கட்டும் என்று பிச்சம்மாள் வீட்டுக்குப் போனார்கள். ஆத்தூருக்கு மேற்கே, வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி வீடு. நாலு மாடு. விதவை. வெள்ளத்துரை கட்டிய குழியிலேயே மிக வட்டமான குழி அவளுடையது. செல்வதுரை குழாயை மாட்டினான். ஆராவமுதன் தீக்குச்சியைக் கிழித்து, வாயுக் குழாயின் திருகைத் திறந்து, முதல் அடுப்பை மூட்டினார். உருளியில் தண்ணீரும் பாலும் ஏற்றினார். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள்.

மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அன்று பேயாக அடித்தது. முற்றத்துப் புழுதி அடுக்களைக்குள் வந்தது. சாண வாயுவின் சுவாலை பகலில் கண்ணுக்கே தெரியாத வெளிர் நீலம். எப்போது அணைந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

"சாமி, என்னமோ நாறுதே" என்றாள் பிச்சம்மாள்.

"தொழுவத்து வாடை" என்றார் ஆராவமுதன்.

"எந்தொழுவத்து வாடை எனக்குத் தெரியாதா? இது வேற."

"காத்துக்கு வரது."

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு, ரெண்டாவது அடுப்பையும் மூட்டிவிடுவோம் என்று குனிந்து குச்சியைக் கிழித்தாள். பக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தீ எழும்பிய வேகத்திலேயே இல்லாமல் போயிற்று. பிச்சம்மாளின் புருவமும் முன்நெற்றி மயிரும் கருகிச் சுருண்டன. வலது கையில் மணிக்கட்டு வரை சிவந்துவிட்டது. ஆராவமுதன் ரப்பர் குழாயைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினார். பெண்கள் வெளியே ஓடினார்கள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று பிச்சம்மாளே சொன்னாள். வாழைப்பட்டைச் சாறு எடுத்து யாரோ பூசினார்கள். "புருவம் இல்லாம இருக்குதது நல்லாத்தான இருக்கு? ஏளா, என்னத்தப் பாத்துச் சிரிக்க?"

மறுநாள் சார் குழாயை மேஜைமேல் வைத்துப் பார்த்தார். மூட்டு பிடுங்கப்பட்டிருந்ததால், முன்பு கசிந்ததா இல்லையா என்று சோதிக்க வழியில்லை. செல்வதுரையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பார்வையே போதுமாயிருந்தது.

"எம்மூட்டு கசியல சார்" என்றான் செல்வதுரை.

"நான் சொல்லலியே."

"சோப்பு நுரை போட்டுப் பாத்தேன். வெள்ளத்துரை அண்ணாச்சி பக்கத்துல நின்னாரு."

"நின்னேன்" என்றார் வெள்ளத்துரை. "ஆனா நான் குழியப் பாத்துக்கிட்டு நின்னேன்."

செல்வதுரை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான். ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை, திங்கட்கிழமை காலையும் வரவில்லை.

ஆராவமுதனுக்கு எங்கே தவறு நடந்தது என்பது வெள்ளிக்கிழமை பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது. பெருமாளுக்குத் தளிகை செய்கிறவன் அதை முகர்ந்து பார்க்கக்கூடாது. வாசனை முதலில் பெருமாளுக்குத்தான். அதனால் மடைப்பள்ளிக்குள் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டிக்கொள்வார்கள். துணி அவிழ்ந்த நேரங்களில் அப்பா சொல்லிக்கொடுத்தபடி முகத்தை இடது தோளுக்குத் திருப்பி மூச்சு இழுப்பார். அடுப்பைப் பார்த்து மூச்சை வெளியே விடலாம், உள்ளே இழுக்கக்கூடாது. இருபத்திரண்டு வருஷத்தில் அது அவருக்குக் கண் இமைப்பது மாதிரி ஆகிவிட்டது. பிச்சம்மாள் வீட்டு அடுக்களையிலும் அப்படித்தான் நின்றார். எரியாத அடுப்பிலிருந்து வாயு வந்துகொண்டே இருந்தது. அடுப்புக்கு மிகப் பக்கத்தில் இருந்த மூக்கு அவருடையது. அது மட்டும் அதை இழுக்கவில்லை.

தெருவில் அவருக்கு எல்லா வாசனையும் தெரியும். கருவாட்டுக் கிட்டங்கியைத் தாண்டும்போது முகம் சுளிப்பார். அடுப்புக்கு முன்னால் மட்டும் மூக்கு இல்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டுக்குள் நடந்தார். கூடத்திலிருந்து கொல்லை, கொல்லையிலிருந்து கூடம். சொல்லாவிட்டால் மூட்டுதான் காரணம் என்று ஆகிவிடும். மூட்டை மாற்றிவிட்டு புதன்கிழமை அதிகாரிக்கு அடுப்பு மூட்டிக் காட்டலாம். சொன்னால், அடுப்பில் வாயு வருவதே தெரியாத ஆளை யார் அடுப்புப் பக்கம் நிறுத்துவார்கள்? டிப்ளமாக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

"கால்ல சக்கரமா கட்டியிருக்கு? உக்காருங்கோளேன்" என்றாள் அம்புஜவல்லி.

உட்கார்ந்தார். எழுந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் கிருபாநிதி சாரிடம் சொன்னார். சார் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, அவரை அடுப்புக்கு முன்னால் நிற்கச் சொல்லி, திருகைத் திறப்பது போலப் பாவனை செய்யச் சொன்னார். ஆராவமுதன் குனிந்தார். தலை தானாக இடது தோளுக்குத் திரும்பியது.

"உமக்கு இளைப்பு இருக்குன்னுல்லா நினைச்சேன் இத்தன நாளும்" என்றார் சார்.

"இளைப்பு இல்ல சார்."

சார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "வாயு இருக்கான்னு சொல்றதுக்கு நம்மகிட்ட மீட்டரா இருக்கு? மூக்குதான் இருக்கு. அது இல்லாத ஆள நான் பொம்பளைங்க மத்தியில நிறுத்த முடியாதுவே. ஒம்பது நாளு இருக்கு. அதுக்குள்ள மோந்து பழகிட்டீருன்னா நீரு. இல்லன்னா நானே அதிகாரிகிட்ட மந்திரமூர்த்தியப் போடச் சொல்லிருவேன்."

"செல்வதுரைக்கு ஆள் அனுப்புங்கோ."

"நீரே போய்ச் சொல்லும்."

செல்வதுரை வீடு லூர்தம்மாள்புரத்தில் இருந்தது. வாசலில் உட்கார்ந்து சைக்கிள் பெடலைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஆராவமுதன் நின்றபடியே சொன்னார். அவன் கேட்டுக்கொண்டே பெடலைத் திருப்பினான்.

"வெள்ளிக்கிழமையே தெரியுமா ஒமக்கு?"

"தெரியும்."

"மூணு நாளு. எங்கம்மா என்னையக் கேக்கா, துறைமுகத்துல நடந்த மாதிரியே இங்கனயும் பண்ணிட்டியாலேன்னு. நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. எனக்கே சந்தேகம் வந்துட்டு, சாமி." பெடலைக் கீழே வைத்தான். "நாளைக்கு வாரேன். ஒம்ம கூடப் பேசச் சொல்லாதீரும்."

வந்தான். பேசவில்லை.

ஒன்பது நாளும் ஆராவமுதன் வீட்டு ஸ்டவ்வுக்கு முன்னால் நின்று மூச்சு இழுத்துப் பழகினார். முதல் நாள் சாத்துமது கொதித்தபோது குனிந்தார். கழுத்து கல் மாதிரி நின்றது. இடது பக்கம் திரும்பத் துடித்தது. மோவாயைக் கையால் பிடித்துக்கொண்டு இழுத்தார். பெருங்காயமும் தக்காளியும் புளியும் சேர்ந்து உள்ளே போனபோது, பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. அம்புஜவல்லி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னும் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணலை" என்றாள்.

"தெரியும்."

"அப்ப இது யாருக்கு?"

அவர் மறுபடியும் குனிந்தார். அவள் அந்தச் சாத்துமதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு வேறு வைத்தாள். மறுநாளிலிருந்து இரண்டு தடவை வைத்தாள், ஒன்று அவர் முகர, ஒன்று பெருமாளுக்கு. மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரியும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதது அவரை இன்னும் நடக்கவைத்தது.

ஐந்தாம் நாள் கழுத்து திரும்பவில்லை. ஆறாம் நாள் அவள் புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருந்தபோது, கொல்லையிலிருந்தவர், "அடி பிடிக்கறது" என்றார். சொன்ன பிறகுதான், தான் என்ன செய்தோம் என்று புரிந்தது. இழுக்க நினைத்து இழுத்த மூச்சு இல்லை அது. இது அவள் பெருமாளுக்கென்று வைத்திருந்த பாத்திரம்.

அன்று சாயங்காலம் சுதர்சனத்துக்கு ஒரு இன்லண்ட் கடிதம் எழுதினார். கண் தேறிவிட்டது, ஆனால் பங்குனி சித்திரை முறை இனி உன்னுடையதாகவே இருக்கட்டும், நான் வருவதாக இல்லை என்று நாலு வரி.

"அங்க போனா துணி கட்டிண்டா போச்சு" என்றாள் அம்புஜவல்லி. "இங்க ஒரு பழக்கம், அங்க ஒரு பழக்கம். எத்தனை பேர் இருக்கா அப்படி."

"துணி மூக்குக்குத்தான் கட்டலாம். உள்ள வந்துட்ட பழக்கத்துக்குக் கட்ட முடியாது."

"புதன்கிழமை என்ன ஆறதுன்னு பாத்துட்டுப் போடுங்கோளேன். இதுவும் போய் அதுவும் போனா?"

அவர் அதை நினைக்காமல் இல்லை. தெருமுனைத் தபால் பெட்டி வரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பி வந்தார். புதன்கிழமைக்குப் பிறகு போட்டால், அது வேலை கிடைத்ததால் விட்ட முறையாக ஆகிவிடும். கிடைக்காவிட்டால் கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு மடைப்பள்ளிக்குப் போய் நின்றாலும் நிற்பார். தன்னை அவருக்குத் தெரியும். மூன்றாவது தடவை போட்டுவிட்டார்.

புதன்கிழமை அதிகாரி ஜீப்பில் வந்தார். மெலிந்த மனிதர், எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறவர். குழியைச் சுற்றி வந்து, "வட்டம் நல்லா இருக்கே" என்றதும் வெள்ளத்துரை நெஞ்சை நிமிர்த்தி, பிறகு இருமுவது போல மறைத்தார். பிச்சம்மாள் மையால் புருவம் வரைந்து வந்திருந்தாள். ஒன்று மேலே, ஒன்று கீழே.

காற்று அன்றும் விடவில்லை. ஆராவமுதன் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு, குனிந்து, ஒரு மூச்சு இழுத்தார். தொழுவம், ஈர மண், பிச்சம்மாள் கையிலிருந்த வெற்றிலை. வேறில்லை. குச்சியைக் கிழித்துத் திருகைத் திறந்தார். சுவாலையின் மேல் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்துவிட்டு உருளியை ஏற்றினார். பாதியில் அதிகாரியே கதவைத் திறந்துகொண்டு வந்தார். காற்று கூடவே வந்தது. ஆராவமுதன் மறுபடி குனிந்தார். இழுத்தார். அழுகிய முட்டை மாதிரி ஒரு நூல் வாசனை.

"அணைஞ்சுடுத்து" என்று திருகை மூடினார். "எல்லாரும் கொஞ்சம் வெளில வாங்கோ. ஜன்னலத் தொறங்கோ."

கால் மணி நேரம் வெளியே நின்றார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பப் போய் மூட்டியபோது பொங்கலில் அரிசி அடியில் கட்டிக்கொண்டிருந்தது. ஆராவமுதன் அதையே கிளறி இறக்கினார்.

"இதுக்கு முன்னால என்ன வேலை பார்த்தீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"மடைப்பள்ளியில தளிகை."

"இப்பவும் போறதுண்டா?"

"இல்லை."

அதிகாரி நோட்டில் குறித்துக்கொண்டார். சாரிடம் தனியாகப் பேசினார். ஜீப் போன பிறகு சார் வந்து சொன்னார்: "போட்டுக்கலாம்னுட்டாரு. ஆனா ஒரு வருசத்துக்கு. தற்காலிகம். அப்புறம் பாத்துக்கிடலாம்னாரு."

செல்வதுரை குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "ஒரு பக்கம் பிடியும்" என்றான், யாரையும் பார்க்காமல். ஆராவமுதன் போய்ப் பிடித்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்புஜவல்லி இலை போட்டு வைத்திருந்தாள். நடந்ததைச் சொன்னார். அவள் சாதத்தைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"ஒரு வருஷத்துக்கா?"

"ஆமாம்."

"முறை போனது எத்தனை வருஷத்துக்கு?"

அவர் எழுந்து வாசல் வரை போனார். காற்றில் தெருக்கதவு அடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கொண்டி போட்டார். கொண்டி சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தார். கூடத்துக்கு வந்து, நின்று, மறுபடி வாசலுக்குத் திரும்பினார்.

"உக்காருங்கோ" என்றாள் அவள் உள்ளிருந்து. "சாதம் ஆறறது."